கோட்டுக்குக் கீழே

அச்சிட்ட பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு மெல்லிய கோட்டுக்குக் கீழே ஒதுங்கி நிற்கும் அடிக்குறிப்பைப் பெரும்பாலான வாசகர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்றாலும், ஒரு நூலை அச்சுக்கோப்பவருக்கு அதைப்போல் வேலை வைக்கும் பகுதி வேறொன்றில்லை. உரையில் ஒரு சொல்லின் தோளில் சிற்றெண் ஒன்று நின்றால், அதே எண்ணைத் தாங்கிய குறிப்பு அதே பக்கத்தின் அடியில் இருந்தாக வேண்டும் என்பதே அடிக்குறிப்பின் ஒரே விதி. பக்கம் பிரிக்கும் வேலையைச் சிக்கலாக்க அந்த ஒரு விதியே போதும். 40 வரி கொள்ளும் பக்கத்தில் 38ஆம் வரியில் குறிப்பெண் வருகிறது, குறிப்போ 4 வரி நீளுகிறது என்று கொண்டால், குறிப்புக்கு இடம்விட உரை 36ஆம் வரியோடு நிற்க வேண்டும். அங்கே நிறுத்தினால் எண்ணைத் தாங்கிய 38ஆம் வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். எண் போன பின் குறிப்புக்கு இந்தப் பக்கத்தில் வேலையில்லாததால் அதுவும் பின்னாலேயே போகும். அதற்கென்று ஒதுக்கிய 4 வரி இடம் வெறுமையாக நிற்கும். வெறுமையை நிரப்ப அந்த வரியைத் திரும்ப அழைத்தால், குறிப்பும் கூடவே திரும்பி வந்து இடம் கேட்கும்.

ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கிய காலத்தில் இந்தச் சுழலை அறுத்தவர்கள் கம்பாசிட்டர்கள். வரிகளுக்கு நடுவே செருகியிருந்த ஈயத் தகடுகளில் சிலவற்றை உருவுவது, ஒரு பத்தியின் கடைசிச் சொல்லை முந்தைய வரிக்குள் நெருக்கி ஒரு வரியை மிச்சம் பிடிப்பது, எதுவும் ஆகாதபோது குறிப்பை இரண்டாக வெட்டிப் பின்பாதியை அடுத்த பக்கத்தின் அடிக்குத் தள்ளுவது என்று அவர்களிடம் கைமுறைகள் இருந்தன. அந்தத் தொல்லைக்கு அஞ்சியே குறிப்புகளை நூலின் கடைசியில் மொத்தமாகக் கொட்டிவிடும் வழக்கமும் இருந்தது. எட்வர்டு கிப்பனின் ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய வரலாற்றின் முதல் தொகுதி 1776இல் வெளிவந்தபோது குறிப்புகள் தொகுதியின் இறுதியில்தான் இருந்தன. ஒவ்வொரு குறிப்புக்கும் நூலைப் புரட்ட வேண்டியிருக்கிறதே என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் பதிப்பாளருக்கு எழுதிக் குறைப்பட, பின்வந்த பதிப்புகளில் அவை பக்கத்தின் அடிக்கு ஏறின. ஏளனமும் குறும்பும் நிறைந்த அந்தக் குறிப்புகள் பின்னாளில் அவ்வளவு புகழ் பெற்றதற்கு அவை அமர்ந்த இடமும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். தமிழில் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைப் பக்கத்தின் அடியில் 'பி-ம்.' என்ற சுருக்கத்தோடு, அதாவது பிரதிபேதம் என்று, தந்தார். தாம் ஏற்ற பாடத்தையும் விலக்கிய பாடத்தையும் வாசகர் ஒரே பார்வையில் ஒப்பிட முடிந்தது அந்த அமைப்பினால்தான்.

கம்பாசிட்டரின் கைமுறைகளைக் கணக்காக மாற்றிக் கணினிக்குக் கற்பித்த மென்பொருள்களுள் ஒன்று 'டெக்'. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி அறிஞர் டொனால்டு நூத், தம் கணிநிரலாக்கக் கலை நூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புச் செய்யும்போது, புதிய ஒளி அச்சுக்கோப்பு முறையில் வந்த மெய்ப்புகளின் தரம் பழைய ஈய அச்சுக்கு அருகில்கூட வராததைக் கண்டு 1977இல் இதைத் தொடங்கினார். 1982இல் முழுவதையும் திரும்ப எழுதினார். 1984இல் அதற்கான கையேட்டை வெளியிட்டார். கலை, திறன் என்ற இரு பொருளும் தரும் கிரேக்கச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளே இதன் பெயர். இதன் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் நீண்டு, வட்டத்தின் பை என்னும் எண்ணை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2021இன் திருத்தத்தோடு அது 3.141592653 ஆயிற்று. டெக்கின் கட்டளைகள் நுணுக்கமானவை, சாதாரண எழுத்தாளருக்குச் சற்றுக் கடினமானவை என்பதால், அவற்றின்மேல் எளிய கட்டளைகளின் அடுக்கு ஒன்றை லெஸ்லி லேம்போர்ட் 1980களில் கட்டினார்; 'லாடெக்' எனப்படும் அதுவே இன்று கணிதம், இயற்பியல் ஆய்விதழ்களிலும் ஏராளமான ஆய்வேடுகளிலும் வழங்குகிறது.

லாடெக்கில் எழுதுபவர் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதுவதில்லை. வெறும் எழுத்துக் கோப்பில் உரையைத் தட்டச்சிட்டு, குறிப்பு வேண்டிய இடத்தில் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் 'ஃபுட்நோட்' என்ற கட்டளையை இட்டு, குறிப்பின் வாசகத்தை அடைப்புக்குள் எழுதிவிட்டால், எண் இடுவது, எழுத்தைச் சிறிதாக்குவது, இடம் ஒதுக்குவது, கோடு வரைவது ஆகிய எல்லாவற்றையும் மென்பொருள் தானே பார்த்துக்கொள்கிறது. நடுவில் ஒரு குறிப்பைப் புதிதாகச் சேர்த்தால் பின்னுள்ளவற்றின் எண்கள் தாமாகவே மாறிவிடும். இந்த வசதியோடு நிறைவடைபவர்களே பெரும்பான்மையோர். தம் பதிப்பகத்தின் வழக்கமோ மொழியின் மரபோ வேறு உருவம் கேட்கிறது என்பவர்கள்தாம் உள்ளே இறங்கி அமைப்பை மாற்ற முனைகிறார்கள். அப்படி இறங்குபவர் முதலில் அறிய வேண்டியது, மேலே சொன்ன சுழலை டெக் எப்படி அறுக்கிறது என்பதை.

டெக்கின் பார்வையில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. பெட்டிகள் சேர்ந்த வரியும் ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு நடுவே நீளவும் சுருங்கவும் கூடிய வெளி, 'பசை'. பத்தியொன்றை வரிகளாக உடைத்து முடித்தவுடன், எந்த வரியில் குறிப்பெண் விழுந்ததோ அந்த வரியின் அடியில், குறிப்பின் முழு வாசகமும் ஏற்கெனவே சிற்றெழுத்தில் அடுக்கப்பட்டு, 'செருகல்' என்ற பெயரில் ஒட்டப்படுகிறது. பக்கத்தை நிரப்பிக்கொண்டே வரும் டெக், செருகல் ஒட்டிய வரியை எட்டும்போது, பக்கத்தில் உரைக்கு இன்னும் எவ்வளவு இடம் உண்டு என்ற கணக்கிலிருந்து குறிப்பின் உயரத்தைக் கழித்துவிடுகிறது. அந்தப் பக்கத்தின் முதல் குறிப்பாயிருந்தால் கோட்டுக்கான இடைவெளியையும் சேர்த்துக் கழிக்கிறது. வீட்டுச் செலவுக்கு வைத்த பணத்தில் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துவைப்பது போன்றது இது. எடுத்துவைக்க இடம் போதாவிட்டால், குறிப்பை எந்த வரியில் வெட்டினால் சேதம் குறைவு என்று பார்க்கிறது.

சேதம் என்பதை டெக் எண்ணால் அளக்கிறது. அந்த எண்ணுக்குப் பெயர் 'தண்டம்'. பக்கத்தின் தலையில் பத்தியின் கடைசி வரி மட்டும் தனித்து விழுவதற்கு ஒரு தண்டம், வரியிறுதியில் சொல்லை வெட்டுவதற்கு ஒரு தண்டம் என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு விலை உண்டு. அடிக்குறிப்பின் இரு வரிகளுக்கிடையே வெட்டுவதற்கு லாடெக்கில் இயல்பாக உள்ள தண்டம் 100. இது வெட்டத் தயங்க வைக்கும் அளவே தவிர, தடுக்கும் அளவன்று. 10000 என்பது டெக்கின் அகராதியில் 'கூடவே கூடாது' என்பதற்கு நிகர். குறிப்புகள் இரு பக்கங்களில் பிரிந்து கிடப்பதைக் கண்டு எரிச்சலுற்ற எழுத்தாளர்கள் முதலில் செய்வது இந்த 100ஐ 10000 ஆக்குவதுதான்; சின்னஞ்சிறு குறிப்புகள் உள்ள நூலில் இதனால் கேடில்லை. பத்துப் பன்னிரண்டு வரிக் குறிப்புகள் நிறைந்த வரலாற்று நூலிலோ, வெட்டவும் முடியாமல் ஒதுக்கவும் முடியாமல் திணறும் மென்பொருள், பக்கத்தின் நடுப்பகுதியிலேயே உரையை நிறுத்தி, பத்திகளுக்கு நடுவே உள்ள பசையை இழுத்து நீட்டி, பல் விழுந்த வாய் போல் பக்கத்தை ஆக்கிவிடும். வாசகரை ஒரு தாள் புரட்ட வைப்பது சிறு குறை, ஓட்டைப் பக்கம் பெரிய குறை என்ற நூத்தின் மூலக் கணிப்பே சரியானது. தண்டத்தை ஆயிரம் இரண்டாயிரம் அளவுக்கு உயர்த்திப் பார்த்துவிட்டு, எஞ்சும் இரண்டொரு இடங்களில் குறிப்பின் வாசகத்தையே சுருக்குவதுதான் நயமான வழி.

குறிப்புகள் பக்கத்தில் அதிகபட்சம் எவ்வளவு உயரம் கொள்ளலாம் என்பதற்கும் ஓர் எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லை 8 அங்குலம். சாதாரண நூலொன்றின் உரைப்பகுதியே அந்த உயரத்தை எட்டுவது அரிது என்பதால், நடைமுறையில் எல்லையே இல்லை என்றுதான் பொருள். மேலே இரண்டு வரி உரையும் கீழே ஒரு கடல் அளவு குறிப்புமாகப் பக்கங்கள் அமைவது இதனால்தான். இதைப் பக்க உயரத்தில் பாதி என்று குறைத்துவைக்கலாம். இன்னோர் எண், குறிப்பின் உயரத்தில் எவ்வளவு பங்கை உரையின் இடத்திலிருந்து கழிப்பது என்று கூறுகிறது: 1000 என்றால் முழு உயரம். குறிப்புகளை இரு நெடுவரிசைகளாக அருகருகே அடுக்க விரும்பினால் அவை கொள்ளும் உயரம் பாதியாகும் என்பதால், இந்த எண்ணை 500 ஆக்கிக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கணக்கைச் சொல்லாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுபவரின் பக்கம் பாதி காலியாக நிற்கும்.

இனித் தோற்றம். 10 பாயின்ட் எழுத்தில் அமைந்த கட்டுரையில் லாடெக் அடிக்குறிப்பை 8 பாயின்டில் இடுகிறது. பாயின்ட் என்பது அச்சுத்துறையின் அளவலகு, டெக்கின் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27 பாயின்ட். குறிப்பின் ஒரு வரியின் அடிக்கோட்டுக்கும் அடுத்ததன் அடிக்கோட்டுக்கும் இடைத்தூரம் 9.5 பாயின்ட். ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் நடுவே இடைவெளி விடும் அமைவு ஒன்றும் உண்டு; அதன் இயல்பான மதிப்பு 6.65 பாயின்ட். இதைக் கண்டு குறிப்புகளுக்கு நடுவே 6.65 பாயின்ட் வெள்ளைவெளி இருப்பதாக எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டுக்கால் நிறுத்தப்படுகிறது. அதன் உயரமே அந்த 6.65, அதாவது 9.5இல் பத்தில் ஏழு பங்கு. ஒரு சாதாரண வரிக்கு இருக்க வேண்டிய உயரமும் சரியாக அதுவே ஆகையால், இயல்பு நிலையில் இரு குறிப்புகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி ஒரு துளியும் இல்லை; முட்டுக்காலை 9 பாயின்ட் ஆக்கினால்தான் இரண்டே கால் பாயின்டுக்குச் சற்றே கூடுதலான வெளி பிறக்கும்.

கோட்டின் கணக்கு இதைவிட அழகானது. கோடு வரைவதற்கு முன் டெக் 3 பாயின்ட் மேலே ஏறுகிறது; 0.4 பாயின்ட் தடிப்பில் கோட்டை இழுக்கிறது, பிறகு 2.6 பாயின்ட் கீழே இறங்குகிறது. ஏற்றமும் தடிப்பும் இறக்கமும் கூடினால் சுழியம்; ஆகவே கோடு பக்கத்தில் இடமே பிடிப்பதில்லை, உரைக்கும் குறிப்புக்கும் நடுவே ஏற்கெனவே ஒதுக்கிய வெளிக்குள் மிதக்கிறது. கோட்டைத் தடிப்பாக்க எண்ணி 0.4ஐ 1 ஆக்குபவர் 2.6ஐயும் 2 ஆக்க மறந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் 0.6 பாயின்ட் கணக்கில் வராமல் சேர்ந்துகொண்டு, பக்கம் வழிகிறது என்ற எச்சரிக்கை அடுக்கடுக்காக வரும்; வந்த எச்சரிக்கைக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு விளங்காமல் மாலை முழுதும் தேடுவார். கோட்டின் நீளம் நூத்தின் மூல அமைப்பில் 2 அங்குலம், லாடெக்கின் வழக்கமான வகுப்புகளில் வரியகலத்தில் பத்தில் நான்கு பங்கு. கோடே வேண்டாம் என்போரும் உண்டு. எழுத்தளவும் வெளியும் தெளிவாக வேறுபடும்போது கோடு மிகைதான். ஆனால் முந்தைய பக்கக் குறிப்பின் மிச்சம் தொடரும் பக்கங்களில் அதை உணர்த்த ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும். அத்தகைய இடத்தில் மட்டும் முழு அகலக் கோடு இடும் வசதி, ராபின் ஃபேர்பேர்ன்ஸ் எழுதிய 'ஃபுட்மிஸ்க்' என்னும் துணைத்தொகுதியில் உண்டு. பக்கம் நிரம்பாத இடங்களில் குறிப்பு உரையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடுவில் தொங்காமல் அடிக்கே போய் அமர வைப்பதும் அதே தொகுதியின் ஒரு விருப்பம்.

குறிப்பைச் சுட்டும் அடையாளம் எண்ணாகவோ எழுத்தாகவோ குறியாகவோ இருக்கலாம். குறிகளின் வரிசை உடுக்குறியில் தொடங்கி, குத்துவாள், இரட்டைக் குத்துவாள், பிரிவுக்குறி, பத்திக்குறி, இரட்டைச் செங்கோடு என்று போய், உடுவையும் வாள்களையும் இரட்டித்து ஒன்பதோடு முடிகிறது. பத்தாவது குறிப்புக்கு லாடெக் பிழை காட்டி நின்றுவிடும். எண்களே எளியவை என்றாலும், கணித நூலில் அவை ஆபத்தானவை: ஒரு சூத்திரத்தின் தோளில் 2 என்று நின்றால் அது இரண்டாம் குறிப்பா, இருமடியா என்று யாராலும் சொல்ல முடியாது. இதே இடர் தமிழிலும் உண்டு. வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது ககர வரிசையின் நால்வகை ஒலிகளை வேறுபடுத்த எழுத்தின் அருகே 2, 3, 4 என்று சிற்றெண் இடுவது வழக்கம். அத்தகைய நூலில் குறிப்பெண்ணும் சிற்றெண்ணாக வந்தால், பாராயணம் செய்பவர் ஒலியைக் கெடுப்பார் அல்லது குறிப்பைத் தவறவிடுவார். அங்கே உடுக்குறியே உத்தமம். தமிழ் எண்களைக் குறிப்பெண்ணாக இடலாமே என்ற ஆசையும் சிலருக்கு உண்டு. ஒன்றுக்குரிய குறி ககரத்தையும் இரண்டுக்குரிய குறி உகரத்தையும் ஒத்திருப்பதால், சொல்லின் ஈற்றில் ஓர் எழுத்து தவறி ஏறிவிட்டதாகவே வாசகர் நினைப்பார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உரைக்குள் எண் சிறுத்து மேலேறி நிற்க வேண்டியது சரி, அடியில் குறிப்பின் தலையிலும் அது ஏன் அப்படியே சிறுத்து நிற்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. உரையில் எண் படிப்பவரின் ஓட்டத்தைத் தடுக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்; அடியிலோ அதைத் தேடிக்கொண்டு கண் வருகிறது, ஆகவே அங்கே அது முழு அளவில் வரிமட்டத்தில் நிற்பதே முறை என்று எழுத்துக்கலை அறிஞர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் பரிந்துரைக்கிறார்; பிரெஞ்சு மரபும் வரிமட்ட எண்ணும் அதன்பின் ஒரு புள்ளியுமே. லாடெக் இயல்பாக இரு இடத்திலும் ஏற்றியே இடுகிறது. மாற்ற விரும்புபவர், குறிப்பின் வாசகத்தை அமைக்கும் உட்கட்டளையைத் திருத்தலாம், எண்ணுக்கென 1.8 எம் அகலப் பெட்டியொன்று வைத்து அதன் வலக்கரையில் எண்ணை ஒட்டுவது அந்தக் கட்டளையின் வேலை. எம் என்பது அந்த எழுத்துருவின் அளவோடு கூடிக்குறையும் ஓர் அகல அலகு. உட்கட்டளைகளைத் தொட அஞ்சுபவர்களுக்கு மார்க்குஸ் கோமின் 'கோமா-ஸ்கிரிப்ட்', பீட்டர் வில்சனின் 'மெம்வார்' போன்ற வகுப்புகள் இதே வேலைக்கு நேரான கட்டளைகளைத் தருகின்றன.

எண் வரிசை எங்கே மீண்டும் 1இல் தொடங்குவது என்பதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. நூல்களில் அதிகாரம்தோறும் புதிதாகத் தொடங்குவது இயல்பு. கட்டுரைகளில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வரிசை. பக்கந்தோறும் 1இல் தொடங்குவது வாசகருக்கு மிக எளிது, கையால் கோப்பவருக்கும் எளிது. கணினிக்கு மட்டும் அது கடினம். பத்தி முழுவதையும் வரிகளாக உடைத்து அடுக்கிய பிறகே பக்கம் எங்கே முறிகிறது என்பதை டெக் தீர்மானிக்கிறது. எண் இடும் கணத்தில், தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது அதற்கே தெரியாது. ஆகவே முதல் ஓட்டத்தில் குத்துமதிப்பாக எண்ணிட்டு, ஒவ்வொரு குறிப்பும் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பதை ஒரு துணைக்கோப்பில் எழுதிவைத்து, இரண்டாம் ஓட்டத்தில் அதைப் படித்து எண்களைத் திருத்துகிறது. 10 என்ற ஈரிலக்கம் 1 ஆகச் சுருங்கியதால் வரி நெருங்கி, குறிப்பு வேறு பக்கத்துக்குத் தாவிவிட்டால், மூன்றாம் ஓட்டமும் வேண்டியிருக்கும்.

செருகல் முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. செருகல், பத்தியிலிருந்து பக்கத்துக்கு நகர்வதற்கு வழி திறந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் பெட்டியாக அடைத்து வைத்த அட்டவணையின் உள்ளே பிறந்த குறிப்பு வெளியே வர முடியாமல் தொலைந்துபோகும். அதற்காகவே எண்ணை மட்டும் உள்ளே இட ஒரு கட்டளையும், வாசகத்தை வெளியே தர மற்றொரு கட்டளையும் லாடெக்கில் இருக்கின்றன. தலைப்பில் இடும் குறிப்பு இதற்கு நேர்மாறாக ஊரெல்லாம் சுற்றும்: தலைப்பு என்பது பொருளடக்கத்துக்கும் பக்கத்தின் மேல்வரிக்கும் நகலெடுக்கப்படுவதால், குறிப்பும் கூடவே போய்ப் பொருளடக்கத்தின் அடியில் முளைக்கும். தலைப்புக்குக் குறிப்பில்லாத ஒரு சுருக்க வடிவத்தைத் தனியே கொடுப்பது பழைய தீர்வு. ஃபுட்மிஸ்க் தொகுதியின் ஒரு விருப்பம் அதையே தானாகச் செய்கிறது. தலைப்பில் குறிப்பே இடாமல் இருப்பது இவ்விரண்டைக் காட்டிலும் நல்ல தீர்வு.

தமிழ் நூல்களுக்கு இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. டெக்கின் முதல் வடிவங்கள் லத்தீன் எழுத்துகளுக்காக, ஓர் எழுத்துருவில் அதிகபட்சம் 256 வடிவங்கள் என்ற எல்லைக்குள் அமைந்தவை. ஜொனதன் கியூ 2004இல் வெளியிட்ட 'ஸீடெக்'கும் அதன்பின் 'லுவாடெக்'கும் யூனிகோடைப் படித்து, கணினியிலுள்ள எந்தத் தமிழ் எழுத்துருவையும் பயன்படுத்தி, கொம்பையும் காலையும் அதனதன் இடத்தில் சேர்க்கக் கற்ற பிறகே தமிழ் அச்சுக்கோப்பு இதில் இயல்பாயிற்று. எழுத்து வந்துவிட்டாலும் வரி இடைவெளி லத்தீன் கணக்கிலேயே நிற்கிறது. மேலே புள்ளியும் இகர ஈகார வளைவும், கீழே உகர ஊகாரச் சுழிப்பும் ஒரே வரியில் நெருங்கும் தமிழுக்கு 9.5 பாயின்ட் இடைவெளி போதாது. இரு வரிகள் மோதுமிடத்தில் டெக் தானாகச் சிறிது தள்ளிவைக்கும் என்றாலும், அப்படித் தள்ளிய வரிகளும் தள்ளாத வரிகளும் கலந்து குறிப்பு மேடும் பள்ளமுமாகத் தெரியும். 9 பாயின்ட் எழுத்தும் 12 பாயின்ட் இடைவெளியும் தொடங்குவதற்குத் தகுந்த அளவு. நீளமான கூட்டுச்சொற்கள் மலிந்த மொழியில் வலக்கரையை நேராக்க முயன்றால் சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும். தமிழுக்கான சொல் பிரிப்பு விதிகளை இணைப்பது, அல்லது குறிப்பில் மட்டும் வலக்கரையைத் தளரவிடுவது உதவும். ஈகாரத்தில் முடியும் சொல்லின் தோளில் எண் ஏறும்போது வளைவும் எண்ணும் ஒட்டிக்கொள்வதால், அங்கே ஒரு மயிரிழை வெளியையும் கட்டளையிலேயே சேர்த்துவிடலாம்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான வேலை, பாடபேதக் குறிப்புகளுடையது. ஒரு பக்கத்தில் இருபது குறிப்புகள், ஒவ்வொன்றும் ஓரிரு சொற்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொடுப்பது காகிதத்தை வீணாக்குவதாகும். எல்லாவற்றையும் ஒரே பத்தியாகத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், பக்கம் முறியும் முன்பு எத்தனை குறிப்புகள் இந்தப் பக்கத்துக்கு உரியவை என்று தெரியாது. தெரியாமல் பத்தி அமைக்க முடியாது. பத்தி அமையாமல் உயரம் தெரியாது. உயரம் தெரியாமல் பக்கத்தை முறிக்க முடியாது. நூத் தம் கையேட்டின் பின்னிணைப்பில் 'அழுக்குத் தந்திரங்கள்' என்று தாமே பெயரிட்ட பகுதியில் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளார். ஒவ்வொரு குறிப்பையும் முதலில் ஒரே நீண்ட வரியாக ஒரு பெட்டியில் அடைத்து, அதன் அகலத்தை அளந்து, அவ்வளவு அகலம் பத்தியில் ஏறக்குறைய எவ்வளவு உயரமாகும் என்று ஒரு தோராய எண்ணால் பெருக்கி, அந்தக் கற்பனை உயரத்தையே பெட்டியின் உயரமாக அறிவித்துவிட வேண்டும். முழு வரியகலத்தில் நான்கில் ஒரு பங்கு நீளும் குறிப்புக்குக் கால் வரி உயரம். பக்கம் முறிந்த பின், அங்கு சேர்ந்த பெட்டிகளையெல்லாம் பிரித்துக் கொட்டி ஒரே பத்தியாகக் கோத்துக்கொள்ளலாம். பொய்க் கணக்குதான், ஆனால் கூட்டிப் பார்க்கையில் மெய்க்கு மிக அருகில் வந்து நிற்கும் பொய்.

இந்த வழியைப் பின்பற்றி ஜான் லவஞ்சினோவும் வடமொழி அறிஞர் டொமினிக் உயாஸ்டிக்கும் பழம்பிரதிகளைச் செம்பதிப்பாக்குவோருக்காக 'எட்மேக்' என்னும் தொகுதியை உருவாக்கினர். அதன் வழிவந்த 'லெட்மேக்', 'ரெலெட்மேக்' ஆகியவை பின்னர் லாடெக்குக்கு வந்தன. ஒரே பக்கத்தில் பாடபேதத்துக்கு ஓர் அடுக்கு, ஒப்புமைப் பகுதிகளுக்கு ஓர் அடுக்கு, பொருள் விளக்கத்துக்கு ஓர் அடுக்கு என்று தனித்தனிக் கோடுகளுக்குக் கீழே குறிப்புகளை அடுக்க இவை உதவுகின்றன. ஓர் அடுக்கு பத்தியாக ஓடலாம், மற்றொன்று இரு நெடுவரிசையாகப் பிரியலாம், மூன்றாவது வரிக்கு ஒன்றாக நிற்கலாம். குறிப்பெண்ணையும் இவை மூலபாடத்திலிருந்து அகற்றிவிடுகின்றன: செய்யுளின் சீர்களுக்கு நடுவே எந்தச் சிற்றெண்ணும் புகாமல் பாட்டு பாட்டாகவே நிற்க, ஓரத்தில் ஐந்து வரிக்கு ஒரு முறை வரியெண் மட்டும் வருகிறது, அடியில் வரியெண்ணும், மூலத்திலுள்ள சொல்லும், ஒரு பகர அடைப்பும், அதன்பின் மாறுபட்ட பாடமும் வருகின்றன. எந்தச் சொல் எந்த வரியில் விழுந்தது என்பது பத்தி அமைந்த பிறகே தெரியும் என்பதால், கோப்பை மூன்று முறையேனும் ஓட்டினால்தான் வரியெண்கள் தம் இடத்தில் நிலைகொள்கின்றன.